கஞ்சி வேட்டியில் ஒரு துளி அயோடின்

பெண்ணைப் பெற்றவர்களைப் பற்றிய செய்தியில் ஊகம் கலந்தால் வீண்பழி சேரும். ஆகவே, மௌலா அலியிலிருந்து வந்த ரயிலில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

எதிர் இருக்கைத் தம்பதியர் சீர்த் தாம்பாளத்துடன் மகளின் நிச்சயத்துக்காகக் கொண்டாப்பூர் சென்றுகொண்டிருந்தனர். கணவரின் விரல் சிராய்ப்பில் மனைவி அயோடின் மருந்து தடவியபோது, ஒரு துளி வெள்ளை வேட்டியின் மடிப்பகுதியில் விழுந்து கருநீலமாயிற்று.

"பழுப்பு மருந்து எப்படிங்க நீலமாச்சு?"

"கஞ்சியில அயோடின் பட்டா அப்படித்தான். மொறமொறன்னு இருக்கணும்னு கஞ்சியில முக்கினது நீதானே?"

"கெமிஸ்ட்ரி பேசாதீங்க. கறையை எடுங்க."

"தாம்பாளத்துல இருக்கிற எலுமிச்சம்பழத்தைக் குடு."

"நக்கோ, வேணாங்க! அது சம்பந்திக்கு வெச்சது!"

"கறை வேட்டியோட போனா சம்பந்தியே இருக்கமாட்டார்."

அவள் ஒரு பழத்தை நீட்டினாள். அவர் அதைக் கடித்துப் பிழிந்தார். சாறு பட்டதும் நீலம் மறைந்தது.

"போயிடுச்சுங்க! ஆனா மடியெல்லாம் ஈரம். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"தாம்பாளத்தை நானே புடிச்சுக்கறேன்."

கொண்டாப்பூருக்கு இறங்கவேண்டிய ஹைடெக் சிட்டி நிலையத்தில், தாம்பாளத்தை மடிக்கு நேராகப் பிடித்தபடி அவர் மிகுந்த கம்பீரத்துடன் இறங்கினார். அதைச் சம்பந்தியிடம் கொடுப்பதற்குள் வேட்டி காய்ந்ததா என்பது எனக்குத் தெரியாது.