வரிசை கலையாதிருக்க

வரிசையில் நிற்பவனுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும், ஐயா. முன்னால் நிற்பவரின் பிடரியையே எவ்வளவு நேரம் பார்ப்பான்? அந்தக் கண்களைத்தான் நான் விற்கிறேன். கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டும் நாடாவில் விளம்பரம் கொடுக்கும் கம்பெனியின் பெயரை அச்சடிப்பேன். நாடாவுக்குக் கீழே இடைவெளி தெரியாமல் விலைப் பலகை மாட்டுவேன். நான் தடுப்பு வைத்த கடைகளில் வியாபாரம் ஏறியிருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

ஜனங்களுக்குத்தான் பொறுமை கிடையாது. நாடாவைக் கம்பத்தில் மாட்டும் கொக்கியைக் கழற்றிக் குறுக்கே புகுந்துவிடுவார்கள். நாடா முறுக்கிக்கொள்ளும், அச்சடித்த பெயர் தலைகீழாகத் தொங்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களைவிட மோசம், இது நடந்த கடையில் காவலுக்கு நின்ற என் தங்கை கணவர். வேலை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். யாராவது வயதானவர் முகத்தைச் சுளித்தால் போதும், அவரே கொக்கியைக் கழற்றி வழிவிடுவார். கேட்டால், "பாவம் மச்சான், கால் வலிக்குதாம்" என்பார். என் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுவது மட்டும் பாவமில்லை போலிருக்கிறது.

அதனால் சோப்புக் கம்பெனியின் தள்ளுபடி நாளன்று, கடை திறக்குமுன்பே கம்பங்களைத் தரையோடு முடுக்கினேன். ஒவ்வொரு கொக்கியையும் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினேன். ஆள் மோதினால் கழன்றுகொள்வதற்காகத்தான் அந்தக் கொக்கி என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று வக்கீல் சொல்வார். அது பொய்.

கதவைத் திறந்ததும் கூட்டம் முண்டியடித்து உள்ளே வந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் என் பலகைகள். முன்னால் யாரோ தடுக்கி விழுந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, தள்ளிக்கொண்டே இருந்தார்கள். நாடா கொஞ்சமும் தளரவில்லை. கம்பெனி அனுப்பிய புகைப்படக்காரர் அப்போதுதான் கேமராவை எடுத்தார்.

என் தங்கை கணவர் ஓடிவந்து கொக்கியோடு மல்லுக்கட்டினார். பட்டையைப் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார்.

"மச்சான், ஜனங்க நசுங்குறாங்க. வெட்டுறதுக்கு ஏதாவது குடுங்க, உங்க கால்ல விழுறேன்."

"இருங்க மாப்ள, ஒரு படம் எடுத்துக்கட்டும்."

"நீயெல்லாம் மனுசனாடா?"

டா போட்டார், ஐயா. கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து என் எதிரில் குரல் உயர்த்தாதவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் பலகையைத் தாண்டிக் குதித்தார். கீழே கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கக் குனிந்தபோது கூட்டம் அவர்மேல் சரிந்தது. அவரையும் சேர்த்து ஏழு பேர் செத்தார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம், நான் எண்ணவில்லை.

பட்டையை நறுக்கும் கத்தரி என் சட்டைப் பையில்தான் இருந்தது. என் தங்கை ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். அவளிடம் சொல்லுங்கள், அவர் மரியாதையாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.