முதல் பேஸ் பக்கத்துச் சேறு

...சாக்ஸத் தொவைச்சுத் தொவைச்சே என் கை தேஞ்சுபோச்சு தம்பி. பைய அந்தப் பெஞ்சுல வைங்க. மேனேஜர் நாலரைக்குத்தான் வருவாரு. நான் ஹோஸப் புடிச்சிக்கிட்டே பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் ஏழு நிமிஷம் தண்ணி விடணும். மொத்தம் பன்னெண்டு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.

நீங்க டெரெல் எடத்துக்கு வந்தவருதானே? ...நெனச்சேன். காலப் பாத்தாலே தெரியுது, ஓட்டக்காரர்னு. என் பேரு வெர்னா. பதினோரு வருஷமா இந்த பேஸ்பால் மைதானம் என் பொறுப்பு. அந்த டெரெல் எங்க வீட்டு மாடி ரூம்லதான் இருக்கான். எங்க பெல்டன் டீமுக்கு லாட்ஜ் எடுத்துக் குடுக்க வக்கில்ல. அதனால ஊர்ல ஆளுக்கு ஒரு வெளயாட்டுக்காரன வச்சு சாப்பாடு போடுறோம். காலைல இவனுக்கு ஆறு முட்டை. வெளியூர் போன நாள் போக இதுவரைக்கும் இருநூத்தி நாப்பது. எண்ணிச் சொல்றேன், கொறையாச் சொல்லல. ஓடுறவன் திங்கட்டும். ஓடணுமில்ல?

இவனக் கண்டுபுடிச்சது ப்ரூயிட் அம்மா. பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். மத்த டீமெல்லாம் எவன வேண்டாம்னு தள்ளுதோ, அவன்கிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு பாப்பாங்க. டெரெலுக்குத் தோளு போச்சு, பந்து எறிய வராது. ஆனா காலு இருக்கு, எதிராளி அசந்த நேரத்துல அடுத்த பேஸுக்கு ஓடிப் பேஸ் திருடுவான், சும்மா கெடைக்குறான், எடுங்கன்னாங்க. பந்து எறியுற எங்க பிட்சரும் அப்படித்தான். பந்துல வேகம் கெடையாது, ஆனா அடிச்சா தரையோடதான் உருளும். நான் என்ன பண்ணேன்... உள்பக்கப் புல்ல ஒரு விரக்கட கூட வளரவிட்டேன். பந்து அதுல வந்து படுத்துக்கும். அங்க நின்னு பந்து தடுக்குற எங்க ஷார்ட்ஸ்டாப்புக்கு முட்டி வலி, நடந்துபோயே எடுக்குறாரு. காசில்லாத டீம் புல்ல வச்சுத்தான் பொழைக்கணும்.

இந்தத் தண்ணியா? அது வேற கதை. கிரான்பி டீம் தெரியுமில்ல, படுத்துக்கிட்டே வர்ற பஸ்ஸு வச்சிருக்கானுங்களே. போன வருஷம் இங்க வந்து ஒரே மேட்ச்சுல ஏழு பேஸ் திருடிட்டுப் போனானுங்க. ஏழு. எனக்கு ரோசம் வந்துருச்சு. அன்னிலேர்ந்து முதல் பேஸ் பக்கத்துல, ஓட எம்புற எடத்துல, நாலடிக்கு மூணடி நல்லா ஊறவச்சிருவேன். மேல காஞ்ச மண்ணத் தூவிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. கால ஊனுனா வழுக்கும், அவ்வளவுதான். மேனேஜருக்கே சொல்லல. தெரிஞ்சா லீக்ல அபராதம் போடுவான். உங்களுக்கும் தெரியாது, சரியா? அதுக்கப்புறம் இங்க எவனும் ஒரு பேஸு திருடல. எல்லாம் என் நோட்டுல நாள் போட்டு எழுதியிருக்கேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், டெரெல். வெளியூர்ல பத்தொம்பது பேஸ் திருடியிருக்கான். இங்க? சைபர். ஊர்க்காரங்க பாத்தா கூச்சமான்னு மேனேஜர் கேக்குறாரு. "வெர்னா, இவனுக்கு இங்க மட்டும் ஏன் காலே வர மாட்டேங்குது"ன்னு டீச்சர் கேட்டாங்க. நானும் உச்சுக் கொட்டுனேன். இன்னிக்கும் ஒண்ணும் திருடலன்னா காலைல ஆறு மணி பஸ்ல அவன் ஊரு ஒக்லஹோமாவுக்கே அனுப்பிருவாங்க. இன்னிக்கு மூணு முட்டைதான் சாப்ட்டான். மீதி மூணு தட்டுலயே கெடந்துச்சு.

ஓடாதவனுக்கு சாக்ஸுல மட்டும் எப்படித்தான் அவ்வளவு சேறோ. வெளியூர் சாக்ஸு புழுதிதான், ஒரு ஒதறுல போயிரும். இங்க ஆடுற அன்னிக்குத்தான் கணுக்கால் வரைக்கும் அப்பி, ஈரமா, கரேல்னு... நான் இங்க கொட்டுன ஆத்து மண்ணு...

இருங்க தம்பி.

ஒரு நிமிஷம் இருங்க. இந்த நோட்டுல... இந்தப் பக்கம் தண்ணி விட்ட நாளு. அந்தப் பக்கம் அவன் ஓடாத நாளு. ...ரெண்டும் ஒண்ணுதான்.

போன வருஷம் நம்ம டீம்ல ஓடுறவனே கெடையாது தம்பி. கேட்சருக்கு நாப்பது வயசு. அந்த நெனப்புலயே விட்டுக்கிட்டிருந்திருக்கேன். போன மாசம் சாப்பிடுறப்ப அவன் மெதுவாக் கேட்டான். "மிஸ் வெர்னா, முதல் பேஸ் பக்கம் கொஞ்சம் ஈரமா இருக்கோ?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தரைய நான் பாத்துக்குறேன், நீ உன் காலப் பாத்துக்கோ"ன்னேன். அதுக்கப்புறம் அவன் வாயே தெறக்கல. சாப்பாடு போடுறவ பேர எப்படிக் கெடுக்கறதுன்னு இருந்திருப்பான், மண்டு.

...என்னது, தண்ணி நின்னுபோச்சு? ஹோஸ் தொவண்டு கெடக்கு. தம்பி? எங்க போனீங்க?

செவுத்துக்கிட்டயா. டேப்ப நீங்களா மூடுனீங்க?

அவன் ஓடிட்டா உங்களுக்கு எடம் இல்லையே தம்பி. ...சரி, சரி, சிரிக்காதீங்க. உங்களுக்கும் காஞ்ச தரைதான வேணும்.

அந்த மூலையில காஞ்ச மண்ணு மூட்டை ஒம்போது இருக்கு. நீங்க அஞ்சு தூக்குங்க, நான் நாலு. ஈரத்த மொதல்ல வழிச்சு எடுத்துரணும். மேனேஜர் வர இருவத்திரெண்டு நிமிஷம் இருக்கு. வந்ததும் நானே போயி சொல்லிடுறேன், திட்டுனா திட்டட்டும். இன்னிக்கு ஆட வர்ற கிரான்பிக்காரனும் ஓடுவான். ஓடட்டும். நம்மகிட்ட இப்ப ரெண்டு பேரு இருக்கீங்க, ரெண்டு பேரையும் வச்சுக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்குறேன்.

வீட்ல பன்னெண்டு முட்டை இருக்கு. காலைல நீங்க எத்தன சாப்புடுவீங்க?