காலை மாத்திரைக்கு நேரே ஒரு டிக்

எனக்குச் சும்மா ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை, டாக்டர். இப்படி நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பதினெட்டு வருஷமாக மறதி மன்னன் நான்தான். நான் பஸ் சீட்டுக்கு உறை தைக்கிறவன். என் மனைவி அதே டிப்போவில் டைம் கீப்பர். நூற்று நாற்பது வண்டிகளின் நேரம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "தலை கழுத்தோட ஒட்டியிருக்கறதால தப்பிச்சீங்க, இல்லன்னா அதையும் எங்கயாவது வச்சுட்டு வந்திருப்பீங்க" என்பாள். டிப்போவே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

தைராய்டு வந்ததும் அவள் தலைக்குள் மூட்டம் போட்டுவிட்டது. சமையலறைக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று நிற்பாள், கூடத்துக்கு வருவாள், மறுபடி போவாள். "ஏங்க, உப்புப் போட்டேனா?" என்று கேட்டாள். என்னைப் போய். எனக்கு விடை தெரிந்திருந்தது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது?

விடிகாலையில் பாதித் தூக்கத்தில் எழுந்து நீங்கள் கொடுத்த மாத்திரையைப் போட்டு, மறக்காமலிருக்க வைத்திருந்த நோட்டில் டிக் அடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள். நோட்டில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை. உங்கள் மருந்து நன்றாகவே வேலை செய்தது. நாலே மாதத்தில் மூட்டம் கலைந்து, வேலைக்குத் திரும்பத் தேதியும் குறித்தாகிவிட்டது. அன்றைக்கு, "நேத்து கேஸை அணைக்காமலே படுத்துட்டீங்க, மகாராசா" என்றாள்.

மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து நான் டிக் அடித்தேன். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்துக் கழுவுதொட்டியில் விட்டேன். அவள் வந்து நோட்டைப் பார்த்தாள்.

"போட்டுட்டேனா? பாருங்க, அதுவே ஞாபகமில்ல."

"போய்ப் படும்மா. நான் இருக்கேன்ல."

ஐந்து மாதம். ஒவ்வொரு டிக்கும் அவள் போடுவது போலவே, வாலைக் கொஞ்சம் நீட்டி. நீங்கள் அளவைக் கூட்டினீர்கள். கூட்டிய அளவும் தொட்டிக்குத்தான் போனது. ஒரு நாள்கூட நான் மறக்கவில்லை. தலை வாரிவிட்டேன், செருப்பு மாட்டிவிட்டேன். வேலையை விடுவதாக அவள் எழுதிய கடிதத்தில் பிழை திருத்திக் கொடுத்ததும் நான்தான்.

போன திங்கட்கிழமை எனக்குத் தெரியாமல் டிப்போவுக்குப் போயிருக்கிறாள். அங்கே நின்றுகொண்டு, வீட்டுக்கு எந்த வண்டி போகும் என்று கண்டக்டரிடம் கேட்டாளாம். அந்த மனுஷன் அழுதுகொண்டே கூட்டி வந்து இங்கே சேர்த்தார். மாத்திரை உடம்பில் இல்லை என்று நீங்கள் சொன்னபோதும், "அவரைத் திட்டாதீங்க, நான்தான் மறந்திருப்பேன்" என்றாள்.

இல்லை. நான்தான் செய்தேன். எதையும் மறைக்கவில்லை.

ஆறு வாரத்தில் தெளிந்துவிடுவாள் என்கிறீர்கள். தெளிந்ததும் அந்த நோட்டைப் புரட்டுவாள். எந்த டிக் யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். பலவீனமான உடம்பு, தாங்குமா? கொஞ்சம் மெதுவாகத் தெளியவைக்க வழியில்லையா, டாக்டர்?

அவளுக்காகத்தான் கேட்கிறேன்.