தாலாட்டுக் கேட்ட விதைப்பூண்டு

தலைமை நாற்காலியைத் தம் எடையால் பெருமைப்படுத்தி, அதன் கால்களைச் சோதித்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் செல்லப்பாண்டி அவர்களே! களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பூண்டு மணக்கும் கைகளால் இன்னும் தட்டத் தொடங்காத தாய்மார்களே! முன்வரிசையிலிருந்து என்னை முறைக்கும் என் அக்காள் மகள் வடிவே! நம் கவுஞ்சி மலைப் பனியே! அனைவருக்கும் வணக்கம்.

எவருமே நம்பாத கதை ஒன்றைச் சொல்வேன் என்று இந்த ஒலிபெருக்கியின் மேல் ஆணையிடுகிறேன்.

போன வருஷம் நம் மலைக்கு ஜீப்பில் ஒரு மனிதர் வந்தார். பண்ணைக்காட்டில் புதிதாய்த் திறந்த பயிற்சி நிலையத்தின் வாத்தியார். அவர் கொண்டுவந்த நோட்டு நம் கோயில் கதவைவிடப் பெரியது. ஒரு பக்கம் புரட்ட நான்கு ஆள் பிடித்தது. "உங்களிடம் கற்றுக்கொள்ள வந்தேன்" என்றார்.

கேட்கிறேன், அன்பர்களே! உரம் விற்க வந்தவர் நமக்குப் புத்தி சொன்னார். ஓட்டுக் கேட்க வந்தவர் புத்தி சொன்னார். வழிதவறி வந்த சுற்றுலாக்காரர்கூடப் புத்தி சொன்னார். நம்மிடம் புத்தி கேட்டு எவராவது மலையேறியது உண்டா? இல்லை! அப்படியென்றால் இவர் ஏன் வந்தார்? எதை எடுத்துப்போக வந்தார்?

அவருடைய நிலையத்தில் காலையில் வியாபாரத் தலைமை, மதியம் மலைமக்கள் அறிவு, மாலையில் சமூக வளர்ச்சி. மூன்றையும் ஒரே தலையில் ஏற்றுவார்களாம்! நம் வடிவு ஆறு மாதம் ஏற்றினாள். அந்தச் சான்றிதழ் வந்தால்தான் அவள் நம் பூண்டுச் சங்கத்துக்குச் செயலாளர். அவள் செயலாளரானால்தான் நாமே லாரி பிடித்து வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போவோம். இல்லையென்றால் இந்த வருஷமும் தரகர் சொன்னதே விலை!

பரீட்சையில் கேட்டார்கள், விதைப்பூண்டைக் காக்கும் பரம்பரை முறை எது என்று. தண்டோடு கட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவோம் என்று எழுதினாள் வடிவு. தவறு என்று சுழித்தார்கள்! அந்தச் சிவப்பு மையில் குண்டாறே மூன்று நாள் சிவந்து ஓடியது. சான்றிதழ் இல்லை!

அவர்கள் பாடப்புத்தகம் சொல்வது என்ன? விதைப்பூண்டை மூன்று நாள் ஓடையில் ஊறப்போட்டு, நான்காம் நாள் கம்பளியில் சுற்றித் தாலாட்ட வேண்டுமாம்! சிரிக்காதீர்கள், இது சதி! நம் விதையை அழுகவைத்து, நம் பிள்ளையை அழவைத்து...

அங்கே என்ன சத்தம்? கருப்பம்மாள் அக்காவா?

"ஏப்பா, தாலாட்டுற சோலிய அந்த வாத்தியாருக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

நல்ல கேள்வி. மிக நல்ல கேள்வி. உட்காருங்க அக்கா.

"நான் எதுக்கு உக்காரணும்? அன்னைக்கு ஜீப்பு ஒன் வீட்டு வாசல்லதான நின்னுச்சு!"

தலைவரே, கொஞ்சம் தண்ணீர்.

சபையோரே! வந்தவர் விதையைக் கொண்டுபோக வந்த ஒற்றன் என்று ஒருவன் சந்தேகப்பட்டான். நிஜத்தை ஒளித்தால் விதை தப்பும் என்று நினைத்தான். வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவர் எழுதினார், அச்சடித்தார், அதைப் பார்த்தே நம் பிள்ளையின் தாளைத் திருத்தினார். விதையைக் காக்கப் போனவன் வீட்டுப் பிள்ளையைக் கவிழ்த்தான்! என்ன வடிவு, நீயும் எழுந்துவிட்டாயா?

"மாமா, நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ஸு. வந்து வாத்தியார்கிட்ட உள்ளதச் சொல்வீங்களா, மாட்டீங்களா?"

வருகிறேன், தாயே. புகை படிந்த விதைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டே வருகிறேன். ஆனாலும் அவரை முழுசாக நம்பமாட்டேன். அவர் எழுதுவதை நீ பக்கத்தில் நின்று எனக்கு வாசித்துக் காட்டவேண்டும்!

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி. கேலி பேசிய வாய்களுக்கு இருமடங்கு நன்றி. கோயில் கதவளவு நோட்டு பொய். சிவந்த குண்டாறு பொய். சதி என்றேனே, அது சுத்தப் பொய். அன்றைக்கு வாத்தியார் நம்பாமல் விழித்தபோது, ஒரு கட்டுப் பூண்டை மடியில் கிடத்தி நானே தாலாட்டிக் காட்டினேன். அந்தச் சின்னப் பகுதி மட்டும் நிஜம். வணக்கம்.