குருசடி மணியை நான்தான் அடித்தேன்

மணிக்கயிறு என் கையில். இழுக்கிறேன். விடாமல் இழுக்கிறேன்.

தெருமுனையில் போலீஸ் லாரி. பின்னால் இன்னொன்று. காலை பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம். குருசடிக்குள், எங்கள் தெருச் சிலுவைக் கோயிலுக்குள், இருந்த கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். எதையும் இரண்டு முறை பார்க்கிறவள் நான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள்.

1976. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. திரேஸ்புரம். நெருக்கடி நிலை வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. மூன்று நாளாகக் கச்சான் காற்று, மேற்கிலிருந்து பலமாக. மீன்பிடிக்கப் போன படகுகளில் நாலு போட்டு கரை திரும்பவில்லை.

என் புருஷன் மிக்கேல் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். சங்கத்துச் செயலாளர். மிசாவில் விசாரணை இல்லாமல் அடைத்த மூன்று தொழிலாளிகளை விடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார். பசை காய்ச்சிக் கொடுத்தது நான். பத்து நாளாக ஐஸ் கொட்டகையில், மீன் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அந்த இடம் எனக்கும் கொட்டகைக்காரர் சூசை அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

லாரியைப் பார்த்ததும் கயிற்றைப் பிடித்தேன். எல்லாரும் தப்பி ஓடட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் மணியை விடாமல் அடித்தால் ஒரே அர்த்தம். கடலில் போட்டு கவிழ்ந்தது. கேட்டவர் கையில் உள்ளதைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓட வேண்டும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் மறந்து போனது.

ஆண்கள் ஓடுகிறார்கள். சோற்றுக் கையோடு ஓடுகிறார்கள்.

“ஏளா ரோசம்மா! எந்தப் போட்டு?”

“கரைக்குப் போவாதீய! போலீசு! போலீசு வாரான்!”

மணிச் சத்தத்தில் என் சத்தம் எடுபடவில்லை. கயிற்றை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். மணி அதன் பாட்டுக்கு இன்னும் நாலு தடவை அடித்தது.

மூன்றாவது லாரி கரையிலேயே நின்றது. அதை நான் பார்த்திருக்கவில்லை.

தடியடி. முதுகில் விழுந்தால் மந்தமான சத்தம். மண்டையில் விழுந்தால் தேங்காய் உடைக்கிற சத்தம். ஒரு போலீஸ்காரன் சிரிக்கிறான். “நீச்சலடிக்கவா வந்திய? அடிங்கலே, பாப்பம்!”

ஐஸ் கொட்டகைக் கதவு திறக்கிறது. மிக்கேல் வருகிறார். தோளில் வடக்கயிறு. யாரோ முங்குகிறார்கள், இழுத்துக் கரை சேர்க்க வேண்டும் என்று எடுத்த கயிறு.

“ஏலே, வள்ளத்தைத் தள்ளுங்கலே!”

அதுதான் நான் கேட்ட கடைசிச் சொல். நாலு போலீஸ்காரர்கள் அவர் மேல் விழுந்து இழுத்துப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் நாலு போட்டும் பத்திரமாகக் கரைக்கு வந்தன.

மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். தப்பிக்கக் கடலில் குதித்தாராம். மூழ்கிவிட்டாராம். பாயை விலக்கிக் காட்டினார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கட்டிய தடம். காதில் ரத்தம் காய்ந்திருந்தது. வயிறு உப்பவில்லை. கடலில் செத்தவர்களைக் குளிப்பாட்டிய கை என் கை. எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் தள்ளினான். “கைநாட்டு வையி. பொணத்தைத் தூக்கிட்டுப் போ.”

“எனக்கு எழுத்துத் தெரியும்.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். இரண்டு முறை. ‘கடலில் மூழ்கி’ என்ற இடத்தைக் கோடு போட்டு அடித்தேன். மேலே எழுதினேன்: ‘கடல் கொல்லவில்லை. நீங்கள் கொன்றீர்கள்.’ கீழே என் பெயர்.

அறைந்தான். வாயெல்லாம் ரத்தம். தாளைக் கிழித்தான். பிணத்தைத் தரவில்லை.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள். கடலில் இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் வாசித்தார். அதில் மிக்கேல் பெயரும் வந்தது. எழுந்து நின்றேன்.

“சாமி, அந்தப் பேரை அங்கன வாசிக்காதீய. அவுகளைக் கடல் எடுக்கல.”

கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. சாமியார் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தார்.

மணி அடித்ததற்கு என்னை யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அடிபட்டு இடது காது செத்துப்போன சூசை அண்ணன் மட்டும் கேலி செய்தார். “நல்லதாப் போச்சு ஏளா, இனிமே ஒன் மணி எனக்குப் பாதிதான் கேக்கும்.” அன்றைக்குத்தான் அழுதேன்.

கூட்டம் போடத் தடை. குழாயடியில் பேசி முடித்தோம். மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி. அப்படி அடித்தால் போலீஸ். கரைக்கு வரக் கூடாது. நெருக்கடி நிலை முடிவதற்குள் அந்த மணியை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் லாரி காலியாகத் திரும்பிப் போனது.

கேட்க வந்தீர்களே, நாங்கள் இழந்ததைச் சொல்லுகிறேன். எழுதி வையுங்கள்.

அன்று பிடித்துக்கொண்டு போனது எட்டுப் பேரை. திரும்பியது ஏழு பேர். காது ஒன்று. சூசை அண்ணனுடையது. கடைவாய்ப் பல் ஒன்று. என்னுடையது. வடக்கயிறு ஒன்று. மிக்கேல், முப்பத்தொரு வயது. கல்லறை இல்லை.

அன்றைக்குக் கடல் ஒருவரையும் எடுக்கவில்லை.