வியாழக்கிழமைக்கான பதிவு

ஆடாத நாற்காலியாகப் பார்த்துக் கொடுத்தீர்கள், நன்றி. பெரும்பாலான அலுவலகங்களில் வயதானவன் வந்தால் ஒரு கால் குட்டையான நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவார்கள். ஆடாமல் நிற்பதன் அருமை எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பராமரித்தவன் நான்.

ஒரு கட்டடத்தில் மேலாளர் ஏறினால் மட்டும் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். பதினோரு தடவை நின்றது. பன்னிரண்டாவது தடவை மனிதர் உள்ளேயே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கதவிடுக்கு வழியாக நீட்டினார். உடனே இறங்கிவிட்டது. அவர் எனக்கு இரண்டு வருஷமாக விடுப்புக் கொடுக்காதவர் என்பது வேறு விஷயம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

மகளின் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். முன்னறையில் ஜன்னலோரம் மேசை, மேசைக்குக் கீழே பெட்டி. அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அந்தப் பெட்டி மூன்றாவது. ஆறு வருஷம் அது ஒரு தடவைகூட நின்றதில்லை. நான் பார்த்துக்கொண்டேன். மதர்போர்டு என்பது ரொம்ப ஆசைப்படாத பொருள். சீரான மின்சாரம் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், தூசி ஆகாது. மெமரிப் பட்டையின் பித்தளை நிற முனைகளை மாதம் ஒருமுறை பென்சில் ரப்பரால் தேய்த்து, இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். வேகத்தைக் கூட்டுகிறேன் பேர்வழி என்று அமைப்புகளில் கைவைக்கக் கூடாது. இருந்த இடத்தில் இருந்தால் எல்லாம் நிலையாக ஓடும்.

பிறகு வேறு ஊர் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் முழு வரைபடத்தையும் முடித்துக் காட்டினால் வேலை. கடைசியில் கம்ப்யூட்டர் வழியாக ஒரு நேர்காணல். அவள் சமையலறைக்கு ஓடிவந்து கடிதத்தை என் மூக்குக் கண்ணாடிமேல் ஒட்டாத குறையாகக் காட்டினாள்.

"அப்பா, படிங்க. நான் போறேன்."

போறோம் என்று அவள் சொல்லவில்லை. அதை நான் பெரிதுபடுத்தவும் இல்லை.

அந்த வாரமே பெட்டி நிற்க ஆரம்பித்தது. காலையில் அவள் குளிக்கப் போவாள். இருபது நிமிடம். மெமரிப் பட்டையின் ஒரு பக்கக் கொக்கியைத் தளர்த்தி, முனையை ஒரு நூல் அளவுக்குத் தூக்கிவிட்டால் போதும். பெட்டி சூடேறியதும் தொடர்பு தடுமாறும், திரை உறையும். அந்த நேரத்தில் சேமிக்கிற கோப்பு சிலசமயம் சிதைந்தும் போகும். இது எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்வது என் தொழிலுக்கு மரியாதை இல்லை.

சந்தேகம் முதலில் மின்சாரத்தின்மேல் விழுந்தது. பிறகு மெக்கானிக்கின்மேல். தெருமுனைக் கடைக்காரர், பெட்டியைத் திறக்குமுன் கையைத் துடைத்துக்கொள்கிற மனிதர். அவர் வருமுன் கொக்கியை அழுத்திவிடுவேன். அவர் ஒரு மணிநேரம் ஓட்டிப் பார்த்து, "ஒரு குறையும் இல்லைங்க, கல்லு மாதிரி ஓடுது" என்பார். மறுநாள் நின்றுவிடும்.

"அப்பா, இந்த ஆளு வந்துட்டுப் போனாத்தான் கோளாறே வருது, கவனிச்சீங்களா?"

"சேச்சே. நல்ல மனுஷன்மா அவரு," என்றேன். கொஞ்சம் பொறுத்து, "மெமரில முன்ன ஒரு கீறல் இருந்துச்சே. இப்பக் காணோமே?" என்றேன்.

கீறல் எப்போதும் இருந்ததில்லை. சந்தேகமும் லிஃப்ட் மாதிரிதான். இறங்க ஒரு மாடி காட்டாவிட்டால் எல்லா மாடியிலும் நின்று நின்று போகும்.

நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துவிட்டார் என்று அவள் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தாள். தெருவிலும் சொன்னாள். கடைக்கு ஆள் வருவது நின்றது. இதோ, உங்கள் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும்போது எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார். பண்பானவர்.

அவரை நிறுத்திய பிறகும் கோளாறு தொடர்ந்ததால், அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். "நான்தான் சேவ் பண்ணலையோ? பண்ணேன்னு நெனச்சுக்கிறேனோ? எனக்கு என்னப்பா ஆச்சு?" என்பாள். அடுப்பை அணைத்தோமா என்று நான்கு தடவை போய்ப் பார்ப்பாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளை தவறாமல் தண்ணீரோடு எடுத்துக் கொடுப்பது நான்தான். என்னை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. எத்தனை தகப்பன்களுக்கு அது வாய்க்கும்?

இப்போது இந்த நோட்டு. மெக்கானிக்குக்கு எதிரான ஆதாரம் என்று இன்று காலை நானே கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு கோளாறும் தேதி, நேரம், காரணத்தோடு என் கையெழுத்தில் இருக்கிறது. நீங்கள் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தீர்கள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தீர்கள்.

"பெரியவரே, இன்னிக்குத் திங்கள்தானே? வியாழக்கிழமை பத்தேகாலுக்கு நிக்கப்போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லிஃப்ட் துறையில் அதுதான் முறை. நாமாக நிறுத்துகிற நிறுத்தத்தை முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும். தானாக நிற்பதைத்தான் பிறகு எழுதுவோம். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. நோட்டை முதலிலிருந்து புரட்டினால் தெரியும், ஒன்றுகூடப் பிறகு எழுதியதில்லை. நாற்பத்தொரு தடவை. எல்லாம் நான்தான். வியாழன் பத்து மணிக்கு அவளுக்கு நேர்காணல்.

கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. புது ஊர், புது மனிதர்கள், அந்த ஆட்டத்தை அவள் தாங்கமாட்டாள். இந்த மூன்று மாதமாக அவள் எவ்வளவு தடுமாறினாள் என்று நீங்களே டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் அவளுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லி ஒரு மணிநேரம் ஆகிறது. வீடு இங்கிருந்து பத்து நிமிட நடை. நான் இருக்கிற இடத்துக்கு அவள் வராமல் இருக்கமாட்டாள். வழியில் ஏதோ கோளாறாக இருக்கும்.