நான்கு மணி நேரத்தைப் பதினெட்டு நிமிடமாக்கி, பின் முப்பத்தொன்றாக்கிய ஜூடித் அம்மையாருக்கு

விரைவின் வித்தகியே! விவேக் நகர் எங்களுக்கு விட்டுக்கொடுத்த வியத்தகு செல்வமே! இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் இயங்குதளத்தை இடைவிடாது கட்டியெழுப்பி இன்று ஓய்வு பெறும் இனியவரே! வணக்கம்.

"மூஞ்சிக்கு நேரா புகழாதீங்கப்பா, எனக்குக் கூசும்" என்று நேற்றே கட்டளை போட்டுவிட்டீர்கள். உங்கள் பேச்சைத் தட்டும் துணிச்சல் இந்த அலுவலகத்தில் எவருக்கும் இருந்ததில்லை. ஆகவே உங்களை மாலையோடு உட்காரவைத்துவிட்டு, உங்களைப் பற்றி இந்தச் சபையிடம் பேசுகிறோம். கூசினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

சபையோரே! மருத்துவமனைக் கட்டிலருகே நின்று நோயாளியின் நாடியையும் மூச்சையும் காட்டும் கருவிக்கு உள்ளிருந்து உயிரூட்டும் இயங்குதளம் எங்களுடையது. அதன் மூலநிரல் முப்பதாயிரம் கோப்புகள். எங்கோ ஒரு வரி மாறினாலும் அத்தனையையும் மறுபடி இயந்திர மொழிக்கு மாற்றியாக வேண்டும். அதற்குப் பெயர் பில்ட். ஒரு பில்ட்டுக்கு நான்கு மணி நேரம்! வியாழக்கிழமைகளில் பில்ட்டை ஓடவிட்டு, குழந்தை இயேசு கோவில் நவநாளுக்குப் போய், பூசை கண்டு, பஸ் பிடித்துத் திரும்பினாலும் அம்மையாரின் திரையில் பாதிதான் முடிந்திருக்கும்.

காத்திருப்பது அவருக்கு ஆகாது. மாறாத கோப்பை ஏன் மறுபடி மாற்ற வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை வகுத்தார். ரேகை மாறவில்லையா, முன்பே சேமித்து வைத்த கிடங்கிலிருந்து பழைய விளைவை எடுத்துக்கொள். மாறியதா, அதை மட்டும் புதிதாகச் செய் என்று கணினிக்குக் கற்பித்தார். நான்கு மணி நேரம் நாற்பது நிமிடமானது. பிறகு, சென்ற ஆண்டு, பதினெட்டே நிமிடமானது! "உங்க வியாழக்கெழமைய நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே மேடம்" என்று கேலி செய்தோமே தவிர, உள்ளுக்குள் பூரித்துப்போனோம். ஒரு சனிக்கிழமை அவருக்கு விருது விழா என்று தலைமை அறிவித்தது.

அந்த வாரத் திங்களன்றுதான் பொம்மசந்திரா தொழிற்சாலையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. நோயாளியின் மூச்சு நின்றால் பத்து நொடியில் அலற வேண்டிய கருவி முப்பது நொடி கழித்து அலறுகிறது. நல்லவேளை, கருவிகள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

அலாரம் வித்யாலட்சுமியின் பொறுப்பு. ஒன்பது ஆண்டு அனுபவசாலி. முப்பதைப் பத்தாக, கான்ஃபிக் ஃபைல் எனப்படும் அமைப்புக் கோப்பில் மாற்றி, தன் மேசையில் கிடங்கின் துணையில்லாமல் பில்ட் எடுத்து, "சோதித்தேன், பத்து நொடி" என்று எழுதியும் தந்திருந்தார். மறுபடி ஓட்டிக் காட்டினார், பத்துதான். ஆனால் தொழிற்சாலைக் கருவியில் முப்பது! எங்கள் பிரிவுத் தலைவர் அனந்தபத்மநாபன் சார் நல்ல மனிதர், ஆனாலும் அன்று அவர் கேட்டது எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்ததுதான்: "இப்ப சரி பண்ணிட்டுக் காட்றீங்களாம்மா?"

வித்யாலட்சுமி சோதிக்காமலேயே சோதித்ததாக எழுதினார் என்று விசாரணை அறிக்கையில் ஏறிவிட்டது. மூன்று நாள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனார். ராஜினாமாக் கடிதத்தையும் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். நாங்களும்தான் என்ன செய்தோம்? அவர் வந்தால் பேச்சை நிறுத்தினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை ஜூடித் அம்மையார் கிடங்கை அணைத்துவிட்டு, தொழிற்சாலைக்குப் போன அதே நிரலை அந்தக் காலத்துப் பாணியில் முதலிலிருந்து கட்டினார். நான்கு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. வந்தது பத்து நொடி. கிடங்கைப் போட்டுக் கட்டினார். வந்தது முப்பது. பிழை எங்கே என்று அவருக்கு விளங்கிவிட்டது. வேறு எவருக்கும் விளங்கியிராது. சத்தமில்லாமல் திருத்திவிட்டுச் சனிக்கிழமை மேடையேறியிருக்கலாம்.

மறுநாள் பதினொரு பேர் இருந்த கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"தப்பு வித்யாவோடது இல்ல சார். என்னோடது. கான்ஃபிக் ஃபைல் மாறினா கைரேகையும் மாறணும். அதச் சேர்த்தா டைம் ஏறுதுன்னு நான்தான் விட்டுட்டேன். இருபதுக்குக் கீழ இறக்கணும்னு ஆச. அவ மாத்தினது சரி. என் கிடங்குதான் பழசத் தூக்கிக் குடுத்திருக்கு."

"சரி பண்ணிடுங்க மேடம், போதும். சனிக்கெழம ஃபங்ஷன் வேற இருக்கு" என்றார் தலைவர்.

"ஃபங்ஷன் கெடக்கட்டும் சார்! அந்தப் பொண்ணப் பொய்க்காரின்னு எழுதி வெச்சிருக்கீங்க. மொதல்ல அத அடிச்சிட்டு அங்க என் பேர எழுதுங்க. நான் பாக்கணும்."

எழுதும்வரை அவர் உட்காரவில்லை. வித்யாலட்சுமி மேசைமேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதார்.

விருது விழா நடக்கவில்லை. அமைப்புக் கோப்பும் கைரேகையில் சேர்ந்தது. பதினெட்டு நிமிடம் முப்பத்தொன்றாக ஏறியது. "இது மெதுவுதான், ஆனா நம்பலாம்" என்று சொல்லிவிட்டு அம்மையார் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

காதிலிருந்து கையை எடுங்கள் அம்மையே! நிறைவாக உங்களிடமே பேசுகிறோம். உலகம் உங்களை விரைவுக்காக வாழ்த்தட்டும். நாங்கள் நீங்கள் திருப்பித் தந்த அந்தப் பதின்மூன்று நிமிடங்களுக்காக வணங்குகிறோம். நாள்தோறும் அவற்றை நன்றியோடு காத்திருந்து கழிக்கிறோம். இனி உங்கள் வியாழக்கிழமைகள் முழுக்க முழுக்க உங்களுக்கே ஆகுக! முழங்கால் வலி முற்றும் நீங்கி, பேரப்பிள்ளைகளின் பேச்சில் மகிழ்ந்து, நோயறியா உடலும் நிறைந்த மனமும் கொண்டு நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்!

என்றும் உங்கள் அன்புக்குக் கடன்பட்ட,
இயங்குதளப் பிரிவு ஊழியர்கள்,
பெங்களூரு.

முதல் கையெழுத்து வித்யாலட்சுமியுடையது. அதன் கீழே அவர் தம் கைப்பட எழுதியது, இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்படியே இருக்கட்டும்:

"மேடம், அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. எனக்கும்தான். ஒருவேளை நான் நெஜமாவே சோதிக்கலையோன்னு நானே நம்ப ஆரம்பிச்சிருந்தேன்."